வராத நாளுக்கான காரணம்

காலை ஆறு மணிக்குப் பாலேந்திரா இரண்டு பேரின் வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். பண்டைய எகிப்தியரின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிய கண்காட்சி பத்து மணிக்குத் திறப்பதாக இருந்தது. ரொட்டி சுடும் சட்டிகள், நாணல் செருப்பு, பிள்ளைகள் எழுதிப் பழகிய பலகை என்று கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக நின்றன. தச்சர்கள் விட்டுப்போன மரத்தூள் மூலைகளில் குவிந்து கிடந்தது.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் இருந்த அந்தச் சிறிய அருங்காட்சியகத்தைத் துப்புரவாக்கும் குழுவுக்கு அவர்தான் பொறுப்பாளர். கூட வேலை செய்யும் அஜந்தினி ஐந்தரைக்கு அழைத்தபோது பாலேந்திரா சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். ஓரமாக நிறுத்திப் பேசினார்.

"அண்ணை, என்ரை மகள் றொஷானிக்கு ரத்தம் போகுது. வயித்திலை அஞ்சு மாதம். புருஷனும் கப்பலிலை. நான் அவளிட்டை எஸ்பியர்க் போறன்."

"நீ போ பிள்ளை. இங்கை நான் பாக்கிறன்," என்றார்.

வராதவர்களை ஆறரைக்குள் கைபேசியில் பதியவேண்டும். திரையில் நான்கு கட்டங்கள் இருந்தன: சொந்த நோய், சிறு பிள்ளைக்கு நோய், விடுமுறை, அனுமதியின்றி வரவில்லை. றொஷானிக்கு இருபத்துநான்கு வயது. பாலேந்திரா நிறுவனத்தின் மேலாளரை அழைத்துக் கேட்டார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேட்கவே கவலையாக இருக்கிறது என்றாள். ஆனால் வளர்ந்த மகளுக்குக் கட்டம் இல்லை, நான்காவதைத்தான் அழுத்தவேண்டும் என்றாள்.

பனிக்காலத்தில் ரயில் வராமல் அஜந்தினி இரண்டு நாட்கள் வேலைக்குப் பிந்தி வந்ததற்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். சொந்த நோய் என்ற கட்டத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். பொய்ப் பதிவு போட்ட பொறுப்பாளர் ஒருவரைப் போன வருடம் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பாலேந்திராவுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. நான்காவதை அழுத்திவிட்டுத் தூசி உறிஞ்சியை எடுத்தார். அடுத்த நாளும் அதையே அழுத்தினார்.

வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் அஜந்தினிக்கு வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளை தங்கவில்லை என்ற செய்தியை அதற்கு முன்பே தேவாலயத்தில் யாரோ பாலேந்திராவுக்குச் சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை கடைசிப் பெட்டியைத் துடைக்கையில் உள்ளே ஒரு சுண்ணாம்புக்கல்லின் நகலைப் பார்த்தார். அதுவரை அதை வாசித்ததில்லை. பக்கத்தில் டேனிஷில் விளக்கம் இருந்தது. அரச கல்லறைகள் கட்டியவர்களில் யார் யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று மூவாயிரம் வருடங்களுக்கு முன் ஓர் எழுத்தன் குறித்துவைத்தது. கண் நோய். தேள் கொட்டியது. தாயின் உடலுக்குத் துணி சுற்றினான். மகளுக்கு இரத்தப்போக்கு. கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார். அதன்பின் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

புதன்கிழமை அஜந்தினி கதவுத் திறப்பையும் சீருடையையும் திருப்பிக் கொடுக்க வந்தாள். சீருடையை மடித்து இஸ்திரி போட்டிருந்தாள். பாலேந்திரா பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதாமல் நின்றார்.

"நான்தான் அப்பிடிப் பதிஞ்சனான்," என்றார். "சொந்த நோய் எண்டு போட்டிருக்கலாம்."

"ஓம் அண்ணை. போட்டிருக்கலாம்."

றொஷானி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள் என்றாள். அவர் மேசையில் குனிந்து, பெற்றுக்கொண்ட பொருட்களை ஒவ்வொன்றாக எழுதினார்: திறப்பு ஒன்று, மேற்சட்டை இரண்டு.

அவள் காத்திருக்கையில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கடைசிப் பெட்டியருகில் நின்றாள். அவளுக்கு டேனிஷ் வாசிக்க நேரமெடுக்கும். உதடு அசைய, கண்ணாடியில் விரலை வைத்து வரிவரியாகக் கீழே இறங்கினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. பாலேந்திரா நிமிர்ந்து பார்த்தார்.

சிறிது நேரம் கழித்து அவள் விரலை எடுத்தாள். கண்ணாடியில் அதன் தடம் பதிந்திருந்தது. கோட்டுக் கையை இழுத்து, வாயால் ஊதி, அந்த இடத்தைத் துடைத்தாள். சாய்ந்து வெளிச்சத்தில் பார்த்து, இன்னொரு தரமும் துடைத்தாள்.