இடது தோள்

...ரூஸ்வெல்ட் அப்படித்தான், காலணியைக் கழற்றாமல் அவனுக்கு டிராம்போனில் ஒரு சுரம் பிறக்காது, முன்வரிசை சாக்ஸபோன்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் வாசிப்பார்கள், கிளைட் உச்சஸ்தாயிக்குப் போகுமுன் டையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பான், லூசியஸ்... முதல் டிரம்பெட்காரன் லூசியஸ் மூச்செடுக்குமுன் இடது தோளைத் தூக்குவான். பக்கத்து நாற்காலியில் வெர்டெல் பத்தொன்பது வருடம் அதைப் பார்த்தே மூச்செடுத்திருக்கிறான். போன வியாழன் லூசியஸைப் புதைத்தார்கள், இன்று செவ்வாய், கான்சாஸ் சிட்டி இசைக்காரர் சங்கக் கூடத்தில் பிற்பகல் ஒத்திகை, வெர்டெல் லூசியஸின் முதல் நாற்காலியில், பாட்டைத் தொடங்க வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பித் தோளைத் தேடுகிறான், அங்கே சுவர்தான் இருக்கிறது. மூன்று தரம் பிசகிவிட்டது. அவனை நம்பியிருந்த மற்ற டிரம்பெட்டுகளும் சேர்ந்து குழம்பின. “யாருக்குப்பா காத்திருக்க?” என்றார் பேண்டின் தலைவர் விட்லோ, “இன்னொரு தரம் தப்பிச்சுன்னா சிகாகோவுல இருந்து ஆள வரச்சொல்லிடுவேன், சனிக்கிழமை நடனம் இருக்கு.” ஐயோ, சொல்லிவிடுவார், சொல்கிற மனிதர்தான். அந்த நாற்காலியில் வேற்றாள் உட்காருவதா? லூசியஸ் தாங்குவானா?

இடைவேளையில் ஐடெல்லா வந்தாள், லூசியஸின் மனைவி, கறுப்புத் தொப்பி, கையில் காகிதப் பை. உள்ளே அவனுடைய ரப்பர் கிண்ணம், சமையலறைத் தொட்டியின் அடைப்பெடுக்கிற கிண்ணம்தான், அதை டிரம்பெட் வாயில் பொத்தித்தான் அவன் குழந்தை மாதிரி அழவைப்பான். “இத நீயே வெச்சுக்க வெர்டெல், எனக்குத்தான் தொட்டி அடைச்சுக்கிட்டுக் கெடக்கு,” என்று சிரிக்கப் பார்த்தாள். கிண்ணம் வந்துவிட்டது, அந்தத் தோள்தான் வரவில்லை என்றான் இவன். எந்தத் தோள்? மூச்சுக்கு முன்னால் தூக்குவானே... “என்னப்பா சொல்ற? வீட்டுல தினம் ரெண்டு மணி நேரம் ஊதுவாரு, நான் பாக்காததா? ஒரு நாளும் தோளத் தூக்குனதில்லயே.”

இல்லையா? வீட்டில் இல்லையா? அப்படியானால்... ஒமாஹா ஊரில், பேண்டில் இவனுடைய முதல் கச்சேரி, இவன் மட்டும் தனியே பாட்டுக்குள் தாமதமாக நுழைந்து, ஆடிக்கொண்டிருந்த ஜோடிகளெல்லாம் சிரித்து, செத்துவிடலாம் போலிருந்ததே, லூசியஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, மறுநாளிலிருந்துதானே அந்தத் தோள், இவன் பக்கத்துத் தோள், இவன் கண்ணில் படுகிற தோள். அதைத்தான் இவன் பத்தொன்பது வருடம் கேலி செய்தான், சட்டைக்குள்ள எறும்பாடா என்று, அவனும் “ஆமாடா, கட்டெறும்பு” என்பானே தவிர... அடப்பாவி, சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் இவன் கூனிக் குறுகிப் போயிருப்பான், அதனால்தானா?

விட்லோ கை ஓங்கினார். வெர்டெல் வலப்பக்கம் திரும்பவில்லை. இடது நாற்காலியில் புதிதாக நகர்ந்து வந்திருக்கிற ஆர்வில், நாற்பது வயது ஆள், நெற்றியெல்லாம் வியர்வை, ஓரக்கண்ணால் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று... வெர்டெலின் இடது தோள் எழுந்தது. நான்கு டிரம்பெட்காரர்களும் ஒரே மூச்சாகப் பாட்டுக்குள் போனார்கள், விட்லோ கையை நிறுத்தவே இல்லை, கடைசிச் சுரம் வரை நிறுத்தவில்லை.

முடிந்ததும் ஆர்வில் டிரம்பெட்டில் தேங்கிய எச்சில் நீரைத் தரையில் வடித்துக்கொண்டே சீண்டினான். “என்ன அண்ணே, சட்டைக்குள்ள எறும்பா?”

“ஆமாடா,” என்றான் வெர்டெல், “கட்டெறும்பு.” ரப்பர் கிண்ணத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். லூசியஸுக்கும் ஒரு முதல் கச்சேரி இருந்திருக்குமே, அவனுக்கு யார் தோளைத் தூக்கினார்கள்... கேட்கவே இல்லையே.