கீறல் பட்ட இடம்

"கையைக் காட்டுங்கோ அக்கா," என்றான் வலன்ரைன். தாழ்வுபாடு கிராமத்தில் நண்டுச் சதை எடுக்கும் கொட்டிலுக்கு அவன்தான் மேற்பார்வை. அன்ரோனெற் கையுறையைக் கழற்றினாள். நண்டின் ஓடு கீறிய கோடுகளிலெல்லாம் தோல் சிவந்து தடித்து, வெள்ளைச் செதில் படிந்திருந்தது. மற்றப் பெண்கள் தலை நிமிரவில்லை. இரண்டு வருடம் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்து வேலை செய்த மதுஷிகா, போன கிழமையே எதிர்மேசைக்கு மாறியிருந்தாள்.

"தொத்துற வருத்தமில்லை எண்டு டொக்டரிட்டை எழுதி வாங்கிக்கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் வேலைக்கு வரவேண்டாம்."

மன்னாரில் பெண் டொக்டர் ஒருவர் வெறுங்கையாலேயே அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த இடமெல்லாம் முதல் கீறுப்பட்டதோ?"

"ஓம் டொக்டர். காயம் ஆறி ரெண்டு மூண்டு கிழமையிலை அதே கோட்டிலை இது வரும்."

"இது சொறியாசிஸ். சில பேருக்குத் தோலிலை காயம் பட்டால் அந்த இடத்திலையே எழும்பும். ஆருக்கும் தொத்தாது."

அன்ரோனெற்றுக்கு அதை இன்னொரு தரம் கேட்க வேண்டும் போலிருந்தது. மகளுக்குச் சீப்பால் தலை இழுத்துவிடுவதை அவள் நிறுத்தி ஆறு மாதம். தன் கோப்பையைத் தனியாகக் கழுவி வைத்ததும் அவளேதான். வேறொருவரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் டொக்டர் எழுதித் தந்த கடிதத்தை விரித்தாள். இரண்டே வரி. இந்நோய் பிறருக்குத் தொற்றாது. கைகளில் காயம் ஏற்படும் வேலையைத் தவிர்க்க வேண்டும். முதல் வரி அவளைக் கொட்டிலுக்குள் கூப்பிட்டது. இரண்டாவது வெளியே நிறுத்தியது. நடுவில் மடித்து நகத்தால் அழுத்தினாள். இரண்டாவது வரியைக் கிழித்தெடுக்கலாம்தான். ஆனால் கையெழுத்து இரண்டாவது வரிக்குக் கீழேதான் இருந்தது.

கொட்டில் வாசலில் நின்று வலன்ரைன் அதை இரண்டு தரம் வாசித்தான்.

"இப்ப நான் என்ன அக்கா செய்யிறது?"

"முதல் வரியை எல்லாருக்கும் கேக்கிறமாதிரி வாசியுங்கோ தம்பி. மற்றதை நீங்களும் நானும் பிறகு கதைப்பம்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். ஓடு உடைக்கும் சத்தம் நின்றது. பிறகு மதுஷிகா எழுந்து வந்தாள். அவளுடைய பெருவிரலில் புதிதாக ஒரு கீறல், இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"எனக்கும் இதிலை வருமோ அக்கா?"

"உங்களிட்டை இருந்து" என்று அவள் சொல்லவில்லை. அன்ரோனெற்றுக்கு அதுவும் கேட்டது. அந்தக் கையைப் பிடித்துப் பைப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மதுஷிகாவின் விரல்கள் ஒருதரம் இறுகின. இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கைகளுக்கும் மேலாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.