வெள்ளைத் துணிக்கு இந்தப் பக்கம்

புதன்கிழமை வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலூரில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்குத்தான் குடலிறக்கக் கேஸ்கள். ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடுகிற ஷாப்பு இருக்கிற ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறின ஈரத்தோலைத் தூக்கித் தூக்கி, அடிவயிற்றுத் தசை விட்டுப்போய்க் குடல் கீழே இறங்கின ஆட்கள். அவர்களோடு அந்த நாற்றமும் உள்ளே வரும். ஆபரேஷன் அறையைக் கழுவித் தள்ளினாலும் சாயங்காலம் வரைக்கும் போகாது. அந்த அறைக்குப் பொறுப்பு இந்த ஆரோக்கியமேரி. அப்புறம் கோபம் வராமல் என்ன செய்யும்?

நான் சொல்வது 1927-ம் வருஷத்துக் கதை. ஆஸ்பத்திரியோடு சேர்ந்தாற்போல் பெண்களுக்கு வைத்தியம் சொல்லித்தரும் பள்ளியும் இருந்தது. அறுவை வைத்தியம் சொல்லித்தந்தவர் டாக்டர் ராமமூர்த்தி. அவர் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. வருகிற நோயாளிதான் பாடம். தோல் ஷாப்பிலிருந்து வந்த கன்னியப்பன் ஒருத்தனை மேஜைமேல் படுக்க வைத்து, குளோரோபாரம் கொடுத்து, கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, "தோலுக்குக் கீழே என்ன?" என்று கேட்பார். சுற்றி நிற்கிற பெண்கள் சொல்ல வேண்டும். கொழுப்பு. அதற்குக் கீழே? ஜவ்வு. அதற்குக் கீழே? தப்பாகச் சொன்னால் கத்தியை அப்படியே நிறுத்திவிடுவார். வயிற்றைத் திறந்துபோட்டுக் கிடக்கிறவன் ஒருத்தன், இங்கே ஒப்பிக்கிறதற்கு ஒரு கூட்டம். 'அட ஏசுவே, சீக்கிரம் சொல்லித் தொலைங்கடி' என்று எனக்கு வயிறு எரியும்.

ஒருதரம்கூடத் தப்பாகச் சொல்லாதவள் தேவகி. கடைசி வருஷத்து மாணவி, குடியாத்தத்து நெசவுக் குடும்பத்துப் பெண். பிணத்தை அறுத்துப் படிக்கிற அறையிலும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்த பிறகு அவள் ஒருத்தி உள்ளே உட்கார்ந்திருப்பாள். இன்னொரு குணமும் உண்டு. நோயாளியிடம் 'நாலு மணிக்கு வந்து கட்டு மாத்தறேன்' என்று சொன்னால், இடி விழுந்தாலும் நாலு மணிக்கு வந்து நிற்பாள். எந்த நோயாளியைக் கேட்டாலும் தேவகியம்மா, தேவகியம்மா என்றுதான் உயிரை விடுவார்கள்.

அந்த வாரம் பெண்கள் வார்டைப் பார்க்கிற பெரிய டாக்டரம்மா ஊரில் இல்லை. ஆலங்காயத்துப் பக்கம் காலரா என்று போயிருந்தார்கள். அப்போது பார்த்துத்தானா வரவேண்டும்? நாலு பக்கமும் துணி மூடின மாட்டுவண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. மேல்விஷாரத்துத் தோல் வியாபாரி மக்பூல் அகமது முதலில் இறங்கினார். அவர் மனைவி அஃப்ஸர் ஜஹானை, வியாபாரியின் அக்கா ஜஹீருன்னிசா கைத்தாங்கலாக இறக்கினாள். புர்காவுக்குள் அந்த உடம்பு துவண்டு கிடந்தது. சில நாளாக ஓயாத வாந்தியாம். பித்தம் என்று கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். மசக்கை என்று எலுமிச்சம்பழம் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் எடுத்த வாந்தியில் மலநாற்றம் அடித்த பிறகுதான் வண்டி கட்டியிருக்கிறார்கள்.

கட்டிலைச் சுற்றித் துணி கட்டினோம். டாக்டர் வெளியே நின்றார், தேவகி உள்ளே போனாள். துணைக்கு நான்.

"வாந்தின்னு யார் வந்தாலும் முதல்ல எங்கே பார்க்கணும்?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. இந்த நேரத்திலும் பாடம்!

"தொடை இடுக்கைப் பார்க்கணும் சார்."

ஜஹீருன்னிசாவுக்கு வந்ததே கோபம். "இன்னாம்மா பேசறே நீ? அது மூட்டை தூக்கறவனுக்கு வர்ற சீக்கு. எங்க ஷாப்புலயே ஜாஸ்தி பேருக்கு இருக்கு. எங்க வீட்டுப் பொம்பளை ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கினது கிடையாது. இவளுக்கு எப்படி வரும்?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தோல் ஷாப்பு ஊர்களில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆனால் படுத்திருந்தவள் தேவகியின் கையை இழுத்துத் தன் இடுக்கில் வைத்தாள். வலது தொடை மடிப்புக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம், கல் மாதிரி இருந்தது.

"ரொம்ப நாளா இருக்கு," என்று முனகினாள் அஃப்ஸர் ஜஹான். "இருமுனா வெளியே வரும். நானே அமுக்கி உள்ளே தள்ளிடுவேன். இந்த தடவை போவல."

"ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லலை?"

"கூலிக்காரன் சீக்கு எனக்கு வந்திருக்குன்னு எப்படிச் சொல்றது? சிரிப்பாங்க."

பாவி மகளே, சிரித்துவிட்டுப் போகட்டுமே! எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

வயிற்றிலிருந்து தொடைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாசல் உண்டு. பெண்களுக்குக் குடல் இறங்குவது பெரும்பாலும் அதன் வழியாக. குறுகின வாசல். அதில் சிக்கின குடல் ரத்தம் இல்லாமல் அழுகிவிடும். உடனே திறந்து விடுவிக்க வேண்டும், வேறு வைத்தியம் இல்லை என்று டாக்டர் சொன்னார். மக்பூல் அகமது சம்மதித்துவிட்டார். சம்மதிக்காதவள் அவர் மனைவிதான்.

"கடைசிப் பிரசவத்துல ஒரு ஆம்பளை டாக்டரைக் கூட்டியாந்தாங்க," என்றாள். "இவர் ஒண்ணும் சொல்லல, நல்ல மனுஷன். ஆனா அதுக்கப்புறம் ஒரு கல்யாணத்துக்குப் போனா, எனக்குப் பக்கத்துல ஒருத்தியும் உக்காரமாட்டா. நான் பட்டது எனக்குத்தான் தெரியும். நீ அறு. எந்த ஆம்பளையும் என்னைப் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது. என் தலைமேல கைவச்சுச் சொல்லு."

தேவகி கன்னியப்பன்களின் வயிற்றை விரித்துக் கொக்கி பிடித்தவள், தையல் போட்டவள். தனியாக ஒரு ஆபரேஷனும் செய்ததில்லை. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையைத் தூக்கி அந்தத் தலைமேல் வைத்தாள்.

"யாரும் பார்க்க மாட்டாங்கக்கா. யாரும் தொட மாட்டாங்க. நான் பொறுப்பு."

ஆபரேஷன் அறையில் மேஜைக்குப் பக்கத்தில் கயிறு கட்டி ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டேன். இந்தப் பக்கம் தேவகி, நான், குளோரோபாரம் கொடுக்கக் கெங்கம்மாள் என்ற இன்னொரு மாணவி. அந்தப் பக்கம் டாக்டர். கையைத் தேய்த்துக் கழுவி, உறை மாட்டிக்கொண்டு, ஒன்றையும் தொட முடியாமல் நின்றார். வழக்கமாகக் கேள்வி அவர் கேட்பார், கத்தி அவர் கையில் இருக்கும். அன்றைக்கும் கேள்வி அவருடையதுதான். கத்தி மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

"தோல் திறந்தாச்சு சார். கொழுப்பு."

"அடுத்து?"

"ஜவ்வு. விலக்கிட்டேன். குடல் இருக்கற பை தெரியுது."

"திற. தண்ணி வந்தா நிறம் சொல்லு."

"கறுப்பு சார். நாத்தம் இல்லை."

"வாசல் இறுக்கமா இருக்கா? விரலை விட்டுப் பார்த்து, உள்பக்கமா வெட்டு."

தேவகி விரலை விட்டாள். கத்தி அசையவில்லை.

"சார், இங்கே துடிக்குது. ஒரு நாடி குறுக்கே போகுது."

சிலருக்கு மட்டும் அந்த ஓரத்தில் ஒரு ரத்தக்குழாய் ஓடுமாம். தெரியாமல் வெட்டினால் பிடித்து நிறுத்துவதற்குள் ஆள் போய்விடும். பிண அறையில் ஒரு உடம்பில் தேவகி அதைப் பார்த்திருக்கிறாள்.

"வெட்டிடாதே," என்றார் டாக்டர். "மேல் பக்கமா, நகக்கண் அளவு கீறு. போதும்."

கீறினாள். குடல் விடுபட்டு வெளியே வந்தது. சபாஷ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கெங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் வினை. சிக்கியிருந்த இடம் கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் இருந்தது. சூடான உப்புத்தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்துக் காத்திருக்கச் சொன்னார் டாக்டர். உயிர் இருந்தால் சிவப்புத் திரும்பும், திரும்பாவிட்டால் அந்தத் துண்டை அறுத்தெடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அது தேவகியால் ஆகிற வேலை இல்லை. டாக்டரே செய்தாக வேண்டும்.

"இப்போ சொல்லு. நிறம் என்ன?"

"பழுப்பு கலந்த சிவப்பு சார்."

"பளபளப்பு?"

"இருக்கு. ஒரு இடத்துல மட்டும் இல்லை. கட்டைவிரல் நகம் அளவு."

"அது அசையுதா?"

"சுத்தி இருக்கறது அசையுது. அது... அசைஞ்ச மாதிரியும் இருக்கு சார். அசையாத மாதிரியும் இருக்கு."

அவள் பொய் சொல்லவில்லை, மழுப்பவும் இல்லை. அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பிண அறையில் எல்லாக் குடலும் ஒரே சாம்பல் நிறம். கன்னியப்பன்களுடைய குடல் எப்போதும் ரோஜா நிறத்தில் வரும். செத்துக்கொண்டிருக்கிற குடலை எந்தப் புதன்கிழமையும் அவளுக்குக் காட்டியதில்லை.

"இதைக் காதால கேட்டு முடிவு பண்ண முடியாதும்மா," என்றார் டாக்டர். "நான் பார்க்கணும். ஒரு நிமிஷம்."

"வேண்டாம் சார்."

"தேவகி!"

"வாக்குக் குடுத்திருக்கேன் சார்."

வாசலில் நின்ற மக்பூல் அகமதுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "பாருங்க டாக்டர்," என்று கத்தினார். "நான் சொல்றேன், அவ புருஷன். எனக்கு அவ உசிரு வேணும். பாருங்க!" ஜஹீருன்னிசாவும், "அல்லா மன்னிப்பான், பாக்கச் சொல்லும்மா," என்று அழுதாள். நானும் சும்மா இருக்கவில்லை. "அடி பெண்ணே, அவர் பார்த்துட்டுப் போகட்டும், யாரு சொல்லப் போறா?" என்றேன்.

தேவகி துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க மயக்கத்துல கிடக்கறாங்க. வேண்டாம்னு சொன்னவங்க அவங்க. நாம எல்லாரும் சேர்ந்து, கேக்க முடியாத நேரமாப் பார்த்து மாத்தினா, அது என்ன நியாயம் சிஸ்டர்?" என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

டாக்டர் நினைத்திருந்தால் துணியைத் தள்ளிவிட்டு வந்திருக்கலாம். உறை போட்ட கையைத் தூக்கிக் கொண்டுபோய், துணிக்கு அருகிலேயே நிறுத்திவிட்டார். கெங்கம்மாள் நாடி இறங்குகிறது என்றாள். இனிக் காத்திருக்க முடியாது.

"பெரும்பாகம் பளபளப்பு இருக்குன்னா உயிர் இருக்குன்னுதான் எடுத்துக்கணும்," என்றார் கடைசியில். "உள்ளே தள்ளித் தைச்சிடு."

மயக்கம் தெளிந்ததும் அஃப்ஸர் ஜஹான் கேட்ட முதல் கேள்வி, "யாரும் பாக்கலியே?"

"இல்லக்கா."

அவள் தேவகியின் உள்ளங்கையை எடுத்து முத்தம் வைத்தாள். மறுநாள் டீ கேட்டாள். பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லிப் பார்த்தாள். கடைக்குட்டி கட்டிலில் ஏறிக் குதித்தான், நான்தான் இறக்கிவிட்டேன். மக்பூல் அகமது லாங் பஜாரிலிருந்து ஒரு கூடைப் பழம் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். பிழைத்துக்கொண்டாள் என்றே நம்பினேன்.

அடுத்த நாள் காலை சுருக்கென்று வலி என்றாள். மத்தியானத்துக்குள் வயிறு பலகையாகிவிட்டது. மூக்கு கூர்த்து, கண் உள்ளே போய்விட்டது. கட்டைவிரல் நகம் அளவு இடம். அது உள்ளே போய் ஓட்டையாகி வயிறெல்லாம் விஷம் பரவிவிட்டது, இனிக் கத்தியாலும் பயனில்லை.

துணிக்கு வெளியே டாக்டர் வந்து நிற்கிற செருப்புச் சத்தம் கேட்டது. தேவகி வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் ஒன்றும் கேட்கவில்லை. பாடம் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

"அவரை உள்ளே வரச் சொல்லு," என்றாள் அஃப்ஸர் ஜஹான்.

ஜஹீருன்னிசா சட்டென்று அவள் முகத்தின்மேல் துப்பட்டாவை இழுத்து மூடினாள். அவள் அதைத் தள்ளிவிட்டாள். "வுடுங்க ஆபா. பாக்கட்டும். எனக்கு சாக பயமா இருக்கு."

டாக்டர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தொடலாமாம்மா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அவர் கை வயிற்றின்மேல் பட்டதும் அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்தவர், போர்வையை இழுத்து அவளை நன்றாகப் போர்த்திவிட்டார்.

"அன்னிக்கே நீங்க பாத்திருந்தா நான் பொழைச்சிருப்பேனா?"

"அதெல்லாம் இப்போ எதுக்கும்மா," என்றார். அவரால் அவ்வளவுதான் முடிந்தது.

அவள் தேவகி பக்கம் திரும்பினாள். "நீ பொய் சொல்ல மாட்டே. நீ சொல்லு."

சொல்லாதே, சொல்லாதே என்று நான் தேவகியின் புடவையைப் பின்னாலிருந்து இழுத்தேன்.

"பொழைச்சிருப்பீங்கக்கா," என்றாள் தேவகி.

அஃப்ஸர் ஜஹானுக்குக் கோபமெல்லாம் வரவில்லை. குழந்தை கேட்கிற மாதிரி, உண்மையாகவே புரியாமல் கேட்டாள்.

"அப்ப நீ ஏன் என் பேச்சைக் கேட்டே?"