பதினாலாவது வளைவில் ஒரு கல்

ஏற்காடு மலையில் லாரி ஓட்டுகிறவனுக்கு எஞ்சின் பாதி, கிளீனர் பாதி. பாரத்தோடு ஏறும்போது ரேடியேட்டர் கொதித்தால் வண்டியை நிறுத்தி, பின்சக்கரம் உருளாமல் இருக்க ஒரு பெரிய கல்லை அண்டை கொடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி வண்டி கிளம்பியதும் கிளீனர் அந்தக் கல்லை ஓரமாகப் புரட்டித் தள்ளிவிட்டு ஓடி வந்து தொற்றிக்கொள்வான். அன்றைக்கு மனுவேலின் கிளீனர் சித்தனுக்குக் காய்ச்சல். தலைச்சோலை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரோ உரமூட்டை உடனே வேண்டும் என்று உயிரை எடுத்தார். சரி, ஒரு நாள்தானே என்று மனுவேல் அடிவாரத்திலிருந்து தனியாகவே ஏறிவிட்டான்.

பதினாலாவது வளைவில் வண்டி கொதித்தது. கல்லைப் போட்டான், தண்ணீர் ஊற்றினான், கிளப்பினான். ஐப்பசி மாதத்துப் பனிமூட்டம் பத்து மணிக்கும் கலையவில்லை. பதினேழாவது வளைவை நெருங்கும்போது மேலேயிருந்து பஸ் ஹாரன் கேட்டது. அப்போதுதான் கல் ஞாபகம் வந்தது.

அந்த வளைவில் தடுப்புச் சுவர் போன வாரத்து மழையில் இடிந்து கிடக்கிறது. பனியில் கல் கண்ணுக்குத் தெரியாது. பஸ்ஸின் முன்சக்கரம் அதில் ஏறினால் ஸ்டியரிங் கையை விட்டுத் துள்ளும், அப்புறம் பள்ளம்தான்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது, சொல்லிவிட்டால் போயிற்று. இந்தப் பாதையில் அதுதான் வழக்கம். இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிடும். கடக்கும்போது, "கீழ ரோடு எப்படீங்க?" என்று ஒருவர் கேட்பார். மண் சரிந்திருந்தாலும் மாடு படுத்திருந்தாலும் மற்றவர் சொல்வார். முகம் தெரியாதவர்கள்கூடச் சொல்லிக்கொள்வார்கள். இந்த மலையில் அப்படிச் சொல்லிக்கொள்ளாத டிரைவர்கள் இரண்டே பேர்தான்.

ஒருவன் மனுவேல். இன்னொருவர், இப்போது பஸ்ஸை ஒதுக்கி நிறுத்தியிருந்த லாசர், மனுவேலின் மனைவி சாந்தாமேரியின் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு கல்லில் ஏறி லாசரின் பஸ் மயிரிழையில் தப்பியது. அடிவாரத்து டீக்கடையில் பத்து டிரைவர்கள் முன்னால் அவர் மனுவேலைக் காட்டி, "கல்லைப் போட்டுட்டு வர்றவனெல்லாம் டிரைவரா?" என்று கேட்டார். அந்தக் கல்லை மனுவேல் போடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. பிறகு எத்தனையோ முறை எதிரெதிரே கடந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மனுவேல் அவர் கண்ணைப் பார்த்து முறைத்துக்கொண்டேதான் போவான். தப்புச் செய்யாதவன் முறைப்பு அது.

இன்றைக்கு எந்த முகத்தோடு சொல்வது? கல்லு கெடக்குதுங்க, நான்தான் போட்டேன் என்றா? ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு முழ தூரம். மனுவேலின் வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தான். பஸ் கடைசிவரை நிரம்பியிருந்தது. முன்சீட்டில் ஒருத்தி குரங்குக் குல்லாய் போட்ட குழந்தையை மடியில் வைத்திருந்தது மட்டும் ஓரக்கண்ணில் பட்டது.

நூறு அடிகூடப் போயிருக்க மாட்டான். அந்தக் குல்லாய் கண்ணை விட்டுப் போகவில்லை. "பாவி! பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு வண்டியை மலைப்பக்கச் சாக்கடையில் இறக்கி, கியரில் போட்டு நிறுத்திவிட்டுக் குதித்தான்.

விறகு சுமக்கும் பெண்கள் இறங்கும் குறுக்குத்தடம் ஒன்று நேராகப் பதினாலாவது வளைவுக்கு வெட்டிக்கொண்டு போகும். அதில் விழுந்தடித்து ஓடினான். உண்ணிமுள் கையைக் கிழித்தது. ஒரு செருப்பு எங்கேயோ போயிற்று. தடம் நடுவில் ரோட்டைத் தாண்டுகிற இடத்தில் டீசல் வாடை அடித்தது. பஸ் அந்த இடத்தைக் கடந்து போய்விட்டிருந்தது. "மாதாவே, நிறுத்து, நிறுத்து" என்று முனகிக்கொண்டே ஈரப்பாறையில் சறுக்கி, முழங்கால் தோல் உரிய, வளைவில் வந்து விழுந்தான்.

கல் அப்படியே நடுரோட்டில் கிடந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரே மூச்சில் தூக்கிவந்த கல்லை இப்போது அசைக்கக்கூட முடியவில்லை. பனி ஈரத்தில் பிடி வழுக்கியது. பனிக்குள் மஞ்சளாக இரண்டு விளக்குகள் திரும்பின. இனித் தள்ள நேரமில்லை. கல்லுக்கு முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டான்.

பஸ் வரவேண்டிய வேகத்தில் வரவில்லை. முதல் கியரில், மாட்டுவண்டிபோல ஊர்ந்து வந்து, இரண்டு முழம் தள்ளி நின்றது. லாசர் இறங்கி வந்தார். கல்லைப் பார்த்தார், இடிந்த சுவரைப் பார்த்தார், மனுவேலின் முழங்காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா என்னைய மொறச்சுக்கிட்டே போவீங்க," என்றார். "இன்னைக்குத் தலையைக் குனிஞ்சீங்க. கீழ என்னமோ இருக்குதுன்னு அங்கிருந்தே உருட்டிக்கிட்டு வர்றேன்."

பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. மனுவேலுக்கு அழுகை முட்டியது, அடக்கவில்லை.

"இது நான் போட்ட கல்லுதானுங்க மச்சான். அங்கியே சொல்லியிருக்கோணும். வாய் வரலீங்க." மூச்சை இழுத்துக்கொண்டான். "ஆனா அன்னைக்குக் கெடந்தது நான் போட்டதில்லீங்க. சத்தியமா இல்லீங்க."

லாசர் குனிந்து கல்லின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"தெரியுமுங்க மாப்ள," என்றார், தலையை நிமிர்த்தாமலே. "போட்டவன் மறு மாசமே வந்து எங்கிட்ட ஒத்துக்கிட்டான். உங்ககிட்ட வந்து சொல்றதுக்குத்தான் எனக்கும் வாய் வரலீங்க."

மனுவேல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு கல்லின் மறுபக்கத்தைப் பிடித்தான்.