பேர் கேட்காத கொட்டகை

விருதுநகரில் சாத்தூர் ரோட்டு ஒயின்ஷாப் பாருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பட்டாசு ஆலைகளுக்கு லீவு விடும் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆண்களை விரும்பும் ஆண்கள் அங்கே கூடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். சேலை கட்டி ஆடுவார்கள். வீட்டில் கட்டாயக் கல்யாணம் பேசினால் வந்து அழுவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத ஜோடியை இழுத்து வந்து உட்காரவைத்து, ஒரே தட்டில் குடல்கறி போட்டுச் சேர்த்துவைப்பார்கள். வேறெங்கே போவார்கள், பாவம்!

அந்தக் கொட்டகைக்குச் சட்டம் போட்டவர் அங்கே சமையல் பார்த்த நல்லசிவம். ஆரம்பத்தில் எல்லாரும் சொந்தப் பேரோடுதான் புழங்கினார்கள். கூட வந்து குடித்த ஒரு பாவி பேரையும் ஊரையும் தெரிந்துகொண்டு போய் வீடு வீடாக மிரட்டினான். ஆலங்குளத்துக்காரர் ஒருவர் பூச்சிமருந்தைக் குடித்துச் செத்தார். அதற்குப் பிறகு நல்லசிவம் கறாராகச் சொல்லிவிட்டார். பேர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது, போன் நம்பர் கூடவே கூடாது. ஆளுக்கொரு பூப்பேர்தான். அவர் தாழம்பூ. பதினோரு வருஷமாக அவர் உயிரையே வைத்திருந்த ஆள் முல்லை. ஏதோ ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் வேலை என்பதைத் தவிர முல்லையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. சட்டம் போட்டவனே மீறுவதா என்று வீம்பாக இருந்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை ஆலை ஒன்று வெடித்தது. மருந்து கலக்கும் அறையாம். ஆறு பேர் பலி, நாலு பேர் ஆஸ்பத்திரியில் என்று பேப்பரில் பேர்களோடு போட்டிருந்தது. நல்லசிவம் பத்துப் பேரையும் திரும்பத் திரும்ப வாசித்தார். இதில் முல்லை இருக்கிறானா இல்லையா? இருந்தால் எது அவன்? ஆஸ்பத்திரிக்குப் போனால் யாரைப் பார்க்க வேண்டும் என்பார்கள், எந்தப் பேரைச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை முல்லை வரவில்லை. "ஊருக்குப் போயிருக்கும்க்கா, சும்மா கெடங்க" என்றார்கள், நல்லசிவத்தை அக்கா என்றே கூப்பிடும் கொட்டகைக்காரர்கள். அடுத்த ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் நல்லசிவம் பஸ் ஏறினார். ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் இறங்கி இறங்கி, சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் முகம் பார்த்துக்கொண்டே நடந்தார். நாலாவது ஊரில் முல்லை சிரித்துக்கொண்டிருந்தான். கீழே செல்வக்குமார் என்று போட்டிருந்தது.

அந்தப் பேரைச் சொல்லி விசாரித்துப் போன வீட்டில் அவன் பெண்டாட்டி வேலுத்தாய் இருந்தாள். "கம்பெனி ஆளாங்க?"

"இல்லம்மா, பழக்கம்."

"உக்காருங்க" என்றாள். ஆள் கிடைத்தால் சொல்லி அழ வேண்டும்போல அவளுக்கு இருந்தது. "தீக்காயத்தோட நாலு நாளு கெடந்தாக. ஆருக்காச்சும் சொல்லி விடணுமான்னு கேட்டேன். தலைய ஆட்டுனாக. பேரு கேட்டா, தெரியாதுன்னுட்டு அம்புட்டு அழுக. எங்கன இருக்காகன்னு கேட்டா வாயவே தொறக்கல. பேரு தெரியாத ஆள நான் எங்கிட்டுப் போய்த் தேட?"

நாலு நாள். ஒரு பஸ் தூரத்தில் உயிரோடு கிடந்திருக்கிறான். சாகிற நேரத்திலும் கொட்டகையைக் காட்டிக்கொடுக்கவில்லை. தான் போட்ட சட்டத்தை நினைத்து நல்லசிவத்துக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தன. துண்டால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

வேலுத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நீங்கதானா?"

அவர் தலையாட்டினார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். விரட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எம் பேரு நல்லசிவம்மா."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீக?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மாலை போட்ட படத்தைக் கையால் காட்டினாள். "அவுககிட்டப் போய்ச் சொல்லுங்க."