தேயாத பூட்ஸ்

1

இந்தக் கதை எனக்கு வந்தது சர்க்கரை வியாதியால் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுதுகிறவன் தலையில் எங்கிருந்தோ பொறி வந்து விழும் என்று நம்புகிறவர்கள் மன்னிக்க வேண்டும். என் தலையில் விழுந்தது ரத்தப் பரிசோதனை முடிவு. தினமும் நடக்க வேண்டும், காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். நல்ல ஷூ எங்கே கிடைக்கும் என்று வீட்டில் கேட்டேன்.

"கேம்புக்கு எதிர்ல ஒரு கடை இருக்கு. சிப்பாய்ங்க எல்லாம் அங்கதான் வாங்குறாங்க," என்றாள் என் மனைவி.

"அவங்களுக்குத்தான் அரசாங்கமே பூட்ஸ் கொடுக்குதே. அப்புறம் எதுக்குக் கடையில வாங்குறாங்க?"

"அதைப் போய் அவங்ககிட்டயே கேளுங்க. உங்களுக்கும் எழுத ஏதாவது அகப்படும். எனக்கும் வீடு கொஞ்ச நேரம் காலியா இருக்கும்."

ஆக, கதைக்கு விதை போட்டதில் பாதி வியாதி, பாதி மனைவி. கடைக்கு நடந்து போனது மட்டும் நான்.

2

முதல் தொடக்கம்: "மலைமேல் பனி பெய்துகொண்டிருந்தது. தன்னந்தனியாகக் காவல் நின்ற அந்த வீரனின் கண்களில்"

(இதோடு விட்டேன். நான் அந்த மலைக்குப் போனதே இல்லை. மனைவி படித்துவிட்டு, "அவன் கண்ணை விடுங்க, காலைப் பத்தி எழுதுங்க," என்றாள்.)

இரண்டாவது தொடக்கம்: "அக்கா பிளேடை எடுத்தாள்."

இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் யாரோ கொலையாகப் போகிறார்கள் என்று நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். இரண்டு பத்தி கழித்து அவள் பூட்ஸில் தையல் பிரிக்கிறாள் என்று தெரிந்ததும் என்னைத் திட்டுவீர்கள். வேண்டாம்.

மூன்றாவது தொடக்கம் நேரானது. முகாம் வாசலுக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் ஒரு கடை. ஷட்டர் பாதிதான் ஏறும், மீதி துருப்பிடித்து மாட்டிக்கொண்டது. உள்ளே போகிறவர்கள் எல்லோரும், எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும், குனிந்துதான் போக வேண்டும். சுவர் முழுக்கப் பெட்டிகள். கையுறை, சாக்ஸ், முதுகுப்பை, மழைக்கோட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக பூட்ஸ். கடைக்காரிக்கு நாற்பதைத் தொடும் வயது. முகாமே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே எழுதுகிறேன், அவள் என்னைவிட இளையவள் என்றாலும்.

3

என் மனைவியிடம் கேட்டதையே அக்காவிடமும் கேட்டேன், அவள் உடனே வாயால் பதில் சொல்லவில்லை. முகாமில் கொடுக்கும் பூட்ஸ் ஒன்றை எடுத்து, நுனியை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தாள். சோல் வாயைத் திறந்தது.

"ஈரம் பட்டா பசை விட்டுடும் சார். கீழ இருக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. மேல பனியில நாலு நாள் நின்னா தண்ணி உள்ள போயிடும். விரல் மரத்துப்போகும். அப்புறம் கறுத்துப்போகும்."

இந்த முகாமிலேயே வேகமாக ஓடுகிறவன் ஒருவன் இருந்தான். ஓட்டக்காரன் என்றே அவனுக்குப் பெயர். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு மேலே போனவன் கால்விரல்கள் இல்லாமல் இறங்கி வந்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சம்பளத்தில் கைவைத்து அக்காவின் கடையில் பூட்ஸ் வாங்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் வெளி பூட்ஸ் போட அனுமதி இல்லை. மலைக்கு வண்டி ஏறும்போது ஒரு அதிகாரி ஒவ்வொருவர் பூட்ஸின் நாக்கையும் தூக்கி, உள்பக்கம் லேபிள் இருக்கிறதா என்று பார்ப்பார். மேலேயும் திடீர் திடீரென்று சோதனை உண்டு. லேபிள் இல்லாதவனுக்குத் தண்டனை.

இங்கேதான் பிளேடு வருகிறது. முகாம் பூட்ஸின் லேபிளை அக்கா பிளேடால் பிரித்தெடுத்து, கடை பூட்ஸின் நாக்கில் குத்தூசியால் தைத்துவிடுவாள். மெஷின் அதில் ஏறாது, கைத்தையல்தான். முகாம் பூட்ஸ் குளிர்காலம் முழுக்கப் பெட்டியில் தூங்கும். இறங்கி வந்ததும் லேபிளை மறுபடி பிரித்து, பழைய இடத்திலேயே தைத்து, துடைத்து, பாலிஷ் போட்டு முகாம் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.*

* "இதுக்கு எவ்வளவு வாங்குறீங்க?" என்று கேட்டேன். "தைக்கிறதுக்கா? காலுக்குக் காசு வாங்குவாங்களா சார்?" என்றாள். பூட்ஸுக்கு வாங்குகிறாளே என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஷூ வாங்க வேண்டியிருந்தது.

4

இனிமேல் வருகிறவரை எனக்கு ஒரு பாத்திரமாக நம்ப முடியவில்லை. நானே இட்டுக்கட்டியிருந்தால் கோடு போட்டு அடித்திருப்பேன். அக்காவின் கணவர் முகாமின் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். அதாவது, உள்ளே வரிசையில் நிற்கிறவர்களுக்கு அந்த பூட்ஸை எடுத்துக் கொடுக்கிறவரே அவர்தான். புருஷன் கொடுத்ததைப் பொண்டாட்டி ஈடுகட்டுகிறாள்.

முதல் வரைவில் அவரைத் திருடராக எழுதினேன். மோசமான பூட்ஸைக் கொடுத்தால்தானே வீட்டுக் கடையில் வியாபாரம் ஓடும்? கதை வழுக்கிக்கொண்டு போனது. பிறகு அவரைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குக் கடைக்கு வந்தார். ஷட்டருக்குக் குனிந்து குனிந்து முதுகு வளைந்துபோன ஆள். சாப்பிட உட்காரும் முன் தன் தட்டில் இருந்ததைப் பாதி அவளுக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார். திருடர்களும் அப்படிச் செய்யக்கூடும்தான். ஆனால் என்னால் அதற்கு மேல் அவரைத் திருடராக எழுத முடியவில்லை.

"நான் சொன்னேங்க," என்றார். "சோல் கழண்டுடுதுன்னு மேலதிகாரிங்ககிட்ட சொன்னேன். ஒழுங்கா காயவைக்கத் தெரியாதவனுங்க பேச்சைக் கேட்டுட்டு வராதேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஓட்டக்காரன் இறங்கி வந்தப்பவும் சொன்னேன். அப்பவும் அதே பதில்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இவ தைக்க ஆரம்பிச்சா. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

5

போன குளிர்காலம் முடிந்தது. மலைக்குப் போன எல்லோரும் பத்து விரலோடு திரும்பி வந்தார்கள். இங்கேயே கதையை நிறுத்தலாம். சுபம். ஆனால்

(இந்த "ஆனால்" மூன்று நாள் இப்படியே கிடந்தது.)

ஆனால் ஒரு ஆய்வுக்குழு வந்தது. பூட்ஸ் எப்படி உழைக்கிறது என்று பார்க்க வந்த குழு. ஸ்டோரில் திருப்பிக் கொடுத்த ஜோடிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். ஒரு முழுக் குளிர்காலம் மலையில் இருந்துவிட்டு வந்த பூட்ஸ் ஒன்றிலும் கீறல் இல்லை. சோல் தேயவில்லை. பாலிஷில் முகம் பார்க்கலாம். மருத்துவமனையில் கேட்டார்கள். கால் காயம் ஒன்றுகூட இல்லை.

வெளுத்ததெல்லாம் பால். இவ்வளவு நல்ல பூட்ஸைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று குழு எழுதிவிட்டுப் போனது. இனி எல்லா மலை முகாம்களுக்கும் இதே பூட்ஸ்தான் என்று உத்தரவாயிற்று. ஸ்டோர்காரருக்குச் சிறந்த பராமரிப்புக்காகக் கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்கள். அதைக் கடையில் சாக்ஸ் பெட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார்கள். அக்கா எடுத்துக் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"கொஞ்சம் அழுக்கோட கொடுத்திருந்தா போதும் சார். மண்ணுல நாலு தேய் தேய்ச்சிட்டுக் கொடுத்திருக்கலாம். கெட்டுப்போச்சுன்னு பசங்க சம்பளத்துல பிடிச்சிடுவாங்களோன்னு நான்தான் பாலிஷ் போடுங்கடான்னு சொன்னேன்."

"பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சு," என்றார் கணவர், மெதுவாக.

6

அக்காவுக்கு ஒரு தம்பி. இதுவரை சொல்லவில்லை, நானும் அப்போதுதான் கேள்விப்பட்டேன். அம்மா போன பிறகு அவள்தான் வளர்த்தாள். பட்டாளத்தில் சேர்ந்து, தூரத்தில் வேறொரு முகாமில் இருக்கிறான். அங்கே எதிரே கடை இல்லை. லேபிள் மாற்றித் தைக்கவும் ஆள் இல்லை. அவள் அனுப்பிய பூட்ஸை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, அதே பெட்டியில் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

("தம்பிக்கு மட்டும் யார் கையிலயாவது கொடுத்து அனுப்பக் கூடாதா?" என்று என் மனைவி இந்த இடத்தில் கேட்டாள். நானும் அக்காவிடம் கேட்டேன். "அனுப்பலாம் சார். அவன் பக்கத்துல நிக்கிற பையனுக்கு யார் அனுப்புவா?" என்றாள்.)

நான் மூன்றாவது முறை போனபோது, அவள் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். பளபளவென்று ஒரு பூட்ஸ், நாக்கு தூக்கிய நிலையில். உள்ளே லேபிள். லேபிளின் மூலையில் நூலால் போட்ட ஒரு சின்னப் பெருக்கல் குறி.

கீழே எழுதியிருந்தான்: "அக்கா, புது பூட்ஸ் கொடுத்துட்டாங்க. வியாழக்கிழமை மேலே போறோம். இந்தத் தையலைப் பாரேன், நீ என் ஸ்கூல் சட்டைக்குப் பட்டன் தைச்சு முடிப்பியே, அதே மாதிரி இருக்கு."

அதே மாதிரி இல்லை. அதேதான். திருப்பிக் கொடுத்தவை புதுசு போல இருந்ததால், அவற்றையே அங்கே அனுப்பியிருக்கிறார்கள். அவள் கையால் தைத்து, பாலிஷ் போடச் சொல்லிக் கொடுத்தனுப்பிய பூட்ஸ், சுற்றிக்கொண்டு போய் அவள் தம்பி காலிலேயே ஏறியிருந்தது.

படத்தைப் பெரிதாக்கி அந்தப் பெருக்கல் குறியை மறுபடி பார்த்தேன்.

"நான் சொல்லிடப் போறேங்க," என்றாள், மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கணவரைப் பார்த்து.

"சொல்லு. லேபிளை மாத்தினது யாருன்னு கேப்பாங்க. முதல்ல உன்னை இழுப்பாங்க. அப்புறம் என்னை. அப்புறம் இங்க வாங்கின ஒவ்வொரு பையனையும். எத்தனை பேர் வேலை போகும், யோசிச்சியா?"

"அவன் கால்?"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

7

முடிவுகள்.

அ. அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். குழு தலைகுனிகிறது. எல்லோருக்கும் நல்ல பூட்ஸ். (இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.)

ஆ. தம்பி ஓட்டக்காரனைப் போல இறங்கி வருகிறான். அக்கா குத்தூசியைத் தூர எறிகிறாள். (எழுதினேன். கிழித்துவிட்டேன். ஒரு பையனின் விரல்களை வெட்டித்தான் என் கதைக்குக் கனம் சேர்க்க வேண்டுமா?)

இ. ஆய்வுக்குழு அதிகாரியும் வெளியில் வாங்கிய பூட்ஸைத்தான் போட்டிருக்கிறார். அக்கா அதைக் கண்டுபிடிக்கிறாள். என் மனைவி கேட்டாள்: "நீங்க பாத்தீங்களா?" இல்லை. "அப்ப அடிங்க." அடித்துவிட்டேன்.

உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். அதிகாரி வந்தார், அந்தக் கடைக்கே. புது உத்தரவுப்படி இன்னும் பூட்ஸ் வாங்குவதற்காகச் சில ஜோடிகளை மாதிரிக்கு எடுத்துப்போக முகாமுக்கு வந்தவர், லேஸ் அறுந்துபோய்ச் சாலையைத் தாண்டி வந்தார். ஷட்டருக்குக் குனிந்தார். நான் ஒரு காலில் புது ஷூவும் இன்னொரு காலில் ஒன்றும் இல்லாமலும் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்மா, கறுப்பு லேஸ் இருக்கா?"

அக்கா எடுத்துக் கொடுத்தாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து கோக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"ஸ்டோர்ல இருக்கிறவர் உங்க வீட்டுக்காரராமே. பிரமாதமா பாத்துக்குறாரு. எல்லா இடத்துலயும் இப்படி ஒருத்தர் இருந்துட்டா எங்களுக்கு என்ன கவலை?"

எதிரே முகாம் வாசலில் கணவர் வந்து நின்றார். அங்கிருந்து கடைக்குள் இருப்பது தெரியும், பேசுவது கேட்காது. தலையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று சொன்னாரா, உன் இஷ்டம் என்று சொன்னாரா, என்னால் சொல்ல முடியவில்லை.

அக்காவின் கையில் போன் இருந்தது. திரையில் தம்பியின் படம். அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"சார்," என்றாள்.

8

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். அங்கேதானே இருந்தேன். ஆனால் எழுதப் போவதில்லை.

சொன்னாள் என்று எழுதினால், சொந்தப் புருஷனையும் அக்கா அக்கா என்று வந்த பையன்களையும் காட்டிக்கொடுத்தவள் என்பீர்கள். சொல்லவில்லை என்று எழுதினால், தம்பியை விட்டுக்கொடுத்தவள் என்பீர்கள். எப்படி எழுதினாலும் தீர்ப்பு அவள் தலையில்தான் விழுகிறது. அந்தப் பசையைக் காய்ச்சி ஒட்டியவன், போதும் என்று வாங்கியவன், காயவைக்கத் தெரியாதவர்கள் என்று சொன்னவன், இவர்களில் ஒருவர்கூட என் கதைக்குள் கால் வைக்கவில்லை. அவர்களையும் இங்கே ஒரு முக்காலியைப் போட்டு உட்காரவைக்க எனக்கு வழி தெரியவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை இங்கே நிறுத்துகிறேன்.

ஆகவே நீங்கள் வாருங்கள். ஷட்டர் பாதிதான் ஏறும், குனிந்து வாருங்கள். போன் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. வாசலில் நிற்பவர் உங்களைத்தான் பார்க்கிறார். "சார்" என்று ஏற்கெனவே கூப்பிட்டாயிற்று, அதிகாரியும் "என்னம்மா?" என்று கேட்டுவிட்டார். இன்று செவ்வாய்.

அவர் ஒரு காலுக்கு லேஸ் கட்டி முடித்துவிட்டார். இரண்டாவதற்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். போட்டதும் எழுந்துவிடுவார்.