ஏழாவது பத்தி

"இந்த ஏழாவது பத்திய மொதல்ல எடுத்துடுங்க மேடம். நெலம் போனாலும் போவுது," என்றாள் ராமக்காள்.

தர்மபுரி நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது வக்கீல் சோபனாவின் அறை. இறந்துபோன கணவனின் தம்பி மாது தொடுத்த வழக்கின் நகல் மேசைமேல் கிடந்தது. இண்டூரில் அவள் உழும் ஒன்றரை ஏக்கரும் தன்னுடையது, மீட்டுத் தர வேண்டும் என்று கேட்டிருந்தான். ஏழாவது பத்தி இப்படிச் சொன்னது: 'அண்ணன் இறந்த 2009ஆம் ஆண்டு முதல் கண்ட ஆண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, என்னை நிலத்தில் கால் வைக்கவிடாமல் தானே அனுபவித்து வருகிறாள்.' அதை டீக்கடையில் உரக்கப் படித்தும் காட்டியிருந்தான்.

"எடுக்கலாம்க்கா. வழக்குக்குத் தேவையில்லாத அவதூறை நீக்கச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்குது. ஆனா பத்தி போனா வருஷமும் போயிடும்."

"போவட்டுமே."

"போகக்கூடாது. இன்னொருத்தர் புடிச்சு வெச்சிருக்கிற நெலத்தக் கேட்டு வர்றவங்க பன்னெண்டு வருஷத்துக்குள்ள வரணும். இவர் பதினஞ்சு வருஷம் கழிச்சு வந்திருக்காரு. காலம் போனது அவர் எழுதினதப் படிச்சாலே தெரிஞ்சா, சாட்சி விசாரணையே இல்லாம வழக்கத் தள்ளலாம். அதுக்கு ஜட்ஜ் நாம சொல்றதப் பாக்கமாட்டாரு. அவர் எழுதினத மட்டுந்தான் பாப்பாரு. உங்களத் திட்டற அவசரத்துல வருஷத்த அவரே குடுத்துட்டாரு. நீக்கச் சொன்னா, உஷாராகி மூணு வருஷம்னு மாத்தி எழுதுவாரு."

ராமக்காள் ஏழாவது பத்தியின்மேல் விரலை வைத்தாள்.

"அப்ப அந்த அசிங்கம் இருக்கோணுமா?"

"கொஞ்ச நாளைக்கு."

"இருக்கட்டும். அவன் வாந்தி எடுத்தத அவனே திங்கட்டும்."

வழக்கை நிராகரிக்கக் கோரி சோபனா மனுப் போட்டாள். மூன்றாம் வாரம், ஏழாவது பத்தியை மாற்றி எழுத அனுமதி கேட்டு மாதுவிடமிருந்து திருத்த மனு வந்தது. கூடவே சத்தியம் செய்து அவன் கையெழுத்திட்ட வாக்குமூலம்: ஏழாவது பத்தி உண்மையல்ல, கோபத்தில் எழுதியது, ராமக்காள் ஒழுக்கமானவள், மூன்று ஆண்டுகளாகத்தான் தன்னைத் தடுக்கிறாள்.

2009 முதல் என்று தானே ஒப்புக்கொண்டதை, வழக்கு சாயப்போகிறது என்றதும் திரும்ப விழுங்க முடியாது என்றார் நீதிபதி. திருத்த மனு தள்ளுபடியானது. வழக்கும் நிராகரிக்கப்பட்டது.

வராந்தாவில் மாது வழிமறித்தான். "அண்ணி, ஊருக்குள்ளயே பேசித் தீத்துக்கலாம்ங்க."

"பேச என்ன இருக்குது கொழுந்தனாரே? அதான் எழுதியே குடுத்துட்டீங்களே."

அவள் சோபனாவிடம் திரும்பினாள். "அந்த வாக்குமூலத்துக்கு கோர்ட்டு முத்திரை போட்ட நகல் வேணும் மேடம்."

"ஒண்ணு வாங்கிடலாம். மத்ததுக்கு ஜெராக்ஸ் போதும். எத்தன வேணும்?"

"எங்க தெருவுல நாப்பத்திரெண்டு வூடுங்க. டீக்கடைக்குத் தனியா ஒண்ணு."